நாடா இல்லாத டிபன் பை

ராஜா,

நீ முகப்பேரில் உன் நண்பனைப் பார்க்கப் போயிருக்கிறாய். அப்பா மீன் வாங்க ஆவடி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லாத இந்த நேரத்தில் சமையல் மேடையில் நின்றுகொண்டே இதை எழுதுகிறேன். கேட் சத்தம் கேட்டால் தாள்களை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். டீச்சருக்குத் தெரியாமல் எதையோ எழுதும் பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு இருக்கிற பயம்தான் இப்போது எனக்கும் இருக்கிறது. உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று உன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதை மீறித்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை காலை நீ வேலையில் சேரக் கிளம்புகிறாய். அதற்குள் உனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் "சரிம்மா, விடும்மா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால்தான் எழுத்து.

உன் பயிற்சி முடிந்து நடந்த அணிவகுப்புக்கு அப்பா வரவில்லை. முட்டி வலி என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். நானும் மண்ணூர்பேட்டைச் சித்தியும் வந்து உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை நீ அணிவகுப்பு நடுவிலேயே பார்த்துவிட்டாய். அன்று சாயங்காலம் நீ என்னிடம் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "அவரு வாழ்நாள் பூரா ஆபீசருங்களுக்கு சல்யூட் அடிச்சவருமா. ஹெட் கான்ஸ்டபிளாவே ரிடையர் ஆனாரு. பெத்த புள்ள ஆபீசரா வந்து நிக்கிறதப் பார்க்க அவரால முடியல. பொறாமைன்னு சொல்லக் கூடாது, ஆனா வேற இன்னா வார்த்த சொல்றது?" நான் உன்னை அதட்டவில்லை.  அதன்பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தாலும் எல்லாம் என் வழியாகத்தான். "அம்மா, அவர்கிட்ட சொல்லு." "ஏய், உன் புள்ள கையில கேளு." ஒரே மேஜையில் உட்கார்ந்து நான் உங்கள் இருவருக்கும் தபால்காரியாக இருக்கிறேன்.

உனக்குப் பழைய இரண்டு சம்பவங்களை ஞாபகப்படுத்த வேண்டும். இரண்டையும் நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். நானும் அப்படித்தான்.

முதலாவது, நீ ஒன்பதாவது படித்தபோது நடந்தது. மத்திய போலீஸ் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அப்பா, தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக வேலைக்குச் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பையைப் பார்ப்பது அவர் வேலை. கம்பெனியிலிருந்து செம்புத் துண்டுகள் காணாமல் போக ஆரம்பித்தன. டிபன் பாக்ஸில் வைத்து வெளியே போகிறது, ஒவ்வொரு டிபன் பாக்ஸையும் திறந்து பார் என்று மேனேஜர் சொன்னார். அப்பா பைகளைப் பார்த்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, "அது மட்டும் வேணாம் சார், வேற ஆள வெச்சிக்கோங்க" என்றாராம். வேறு ஆளைத்தான் வைத்தார்கள். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னாய்: "ஒரு மூடியத் தொறக்குறதுல இன்னாப்பா கஷ்டம்? காஷ்மீர்ல இதவிடப் பெருசாலாம் செஞ்சிருப்ப இல்ல?" அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். நீ என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாய். வேலை போன கோபம் என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டாவது, உன் பள்ளிக்கூடத்தில். உன் பையில் செல்போன் இருக்கிறது என்று யாரோ சொல்லி, வகுப்பாசிரியர் அப்பாவை வரவழைத்தார். "நீங்களே பையைத் திறந்து பாருங்க சார்" என்று அவர் சொன்னதற்கு அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். "எதுனா இருந்தா அவனே எடுத்துக் குடுப்பான்." நீயே எடுத்துக் கொடுத்தாய். வீட்டுக்கு வந்து, "ஒரு அப்பனுக்கு உண்டான அதிகாரம்கூட அவருக்கு இல்லம்மா, பயந்தாங்கொள்ளி" என்றாய். ஆபீசர் பரீட்சைக்கு நீ விண்ணப்பம் போட்டபோது, "பேங்க் பரீட்ச எழுதேன்டா" என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார். அதையும் நீ உன்னை மட்டம் தட்டுவதாகவே எடுத்துக்கொண்டாய். வெறுப்பில் இன்னும் அதிகமாகப் படித்தாய். தேறினாய். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உனக்கு எந்த ஊர் என்ற உத்தரவு வந்த அன்று, போனில் நீ காஷ்மீரில் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னாய். நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் சைக்கிள் டியூப் மாதிரிக் காற்றுப் போய் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், "நம்ம ரெண்டு பேரும் அங்க ஒருவாட்டி போய்ட்டு வந்துடலாம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு தர்கா கீது. நான் அங்க ஒரு முடிச்சு போட்டுட்டு வந்துட்டேன். பார்க்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் டூர் போகிறோம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனது அங்கேதான். ஒரு முறை டிக்கெட் போட்டு, டிவியில் வந்த கெட்ட செய்தியைப் பார்த்து ரத்து செய்தோம். இரண்டாவது முறை கிளம்பிவிட்டோம்.

முடிச்சு என்றதும் எனக்கு ஒரு பழைய சண்டை ஞாபகம் வந்தது. உனக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் வயிற்றில் தங்காமல் போனது உனக்குத் தெரியும். நீ வயிற்றில் இருந்தபோது நான் ஆவடிக் குவார்ட்டர்ஸில் படுத்தே கிடந்தேன். அப்பா காஷ்மீரில் இருந்தார். விடுப்பில் வந்தவர் கழுத்தில் நான் போட்டு அனுப்பிய உத்தரியம் இல்லை. மாதா படம் வைத்துத் தைத்த துணித் துண்டும் கயிறுமாக, ஆபத்தில் காக்கும் என்று பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கியது. "குளிக்கும்போது ஆத்துல போய்டுச்சி" என்றார். அதற்காக நான் அவரோடு ரெண்டு நாள் பேசவில்லை. ரயிலில் போகும்போது இதைக் கேட்டேன். "ஆத்துல போவல. அந்தக் கயித்தத்தான் தர்கா ஜன்னல்ல கட்டினேன். வேற நூலு கையில இல்ல" என்றார். எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. நீ நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று வேண்டிக் கட்டியிருக்கிறார். நீ பிறந்ததும் போய் அவிழ்த்திருக்க வேண்டும். அதற்குள் மாற்றல் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக நேர்ச்சை பாக்கி. நான் வேளாங்கண்ணிக்கு நேர்ந்ததை உனக்கு மொட்டை போட்டு முடித்துவிட்டேன், அவர் மட்டும் முடிக்கவில்லை. அதுதான் மனசை அரிக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவே இல்லை. இதுதான் என் தப்பு. அதன் பலனைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பள்ளத்தாக்குக்குள்ளேயே ரயில் போகிறது. அப்பா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "எங்க காலத்துல வரிசையா வண்டி கட்டிகினு வருவோம். நடுவுல நிக்கவே கூடாது. இப்போ பாரு, சமோசா விக்கிறான்" என்றார். அந்த ஊரில் இறங்கி நடந்தபோது, ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டார். தான் நின்று காவல் காத்த இடத்தைத் தேடினார். மணல் மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் குழந்தைகள் துணிக்கடை இருந்தது. கடைக்காரர், "என்ன வேணும் சாச்சா?" என்று சித்தப்பாவைக் கூப்பிடுவது போலக் கேட்டார். அப்பா அவசரமாகக் கைக்கு வந்த ஒரு சின்ன ஸ்வெட்டரை வாங்கிவிட்டார். "யாருக்கு இது?" என்றேன். "கேட்டுட்டான் இல்ல. ஒன்னும் வேணாம், சும்மா பார்த்துகினு நின்னேன்னு எப்டி சொல்றது?" பீரோவில் இருந்த அந்த ஸ்வெட்டரைப் பார்த்துத்தான் நீ என்னைக் கிண்டல் செய்தாய். பேரப்பிள்ளைக்கு இப்போதே சேர்க்கிறாயா என்று கேட்டாய்.

ஊர் முழுக்க ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் கடைகள் திறந்திருந்தன, ரொட்டிக் கடையில் கூட்டம் இருந்தது, பெண்கள் தனியாக நடந்து போனார்கள். தெருக் கோடியில் துப்பாக்கியோடு ஆள் நிற்கத்தான் செய்தார்கள். இரண்டையும் பார்த்துக்கொண்டே மக்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

தர்கா மரத்தால் கட்டியது. கூரை அடுக்கடுக்காக எழும்பி ஊசி முனையில் முடிகிறது. வாசலில் போலீஸ் சோதனை இருந்தது. வரிசை இன்னும் நீளமாக இருக்கும்போதே உன் அப்பா தன் பையைத் திறந்து முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார். என் கையில் இருந்த டிபன் பையையும் வாங்கி, நாடாவைத் தளர்த்தி, டப்பா மூடியையும் எடுத்துவிட்டார். உள்ளே நாங்கள் தங்கிய இடத்தில் கட்டிக்கொடுத்த சப்பாத்தி. அப்படியே திறந்த டப்பாவை ஏந்திக்கொண்டு அடி அடியாக நகர்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. "யாரும் கேக்கலையே, மூடுங்களேன்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. சோதனை செய்த போலீஸ்காரப் பெண் அந்த ஊர்ப் பெண்தான், சின்ன வயது. சிரித்துவிட்டு, "மூடுங்க சாச்சா, ஆறிப் போயிடும்" என்று அனுப்பிவிட்டாள். கொஞ்ச தூரம் போய் அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். "இவளா இருக்காது. அது இந்நேரம் பெரியவளாகி இருக்கும்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

தர்காவுக்குள் ஆண்கள் மட்டும் போகலாம். பெண்கள் வெளியே, பின்னல் வேலை செய்த மரச் சாளரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறார்கள். சாளரம் முழுக்க நூலும் துணித் துண்டுகளும் முடிச்சு முடிச்சாக இருக்கின்றன. "இந்த ஜன்னல்தான். அப்போ பூட்சோட நின்னதால உள்ள போனதே இல்ல. ஒருவாட்டி பார்த்துட்டு வரேன், இரு" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். நான் தனியாக நின்றேன். பக்கத்தில் என் தங்கை வயதில் ஒருத்தி, நீலப் பள்ளிச் சீருடை போட்டு வெள்ளைத் துணியால் தலையை மூடிய மகளோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் ஷமீமா. குவார்ட்டர்ஸில் பீகார்க்காரிகளிடம் கற்ற இந்தி எனக்கு அங்கே உதவியது. அவள் சொன்னதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"கட்ட வந்தீங்களா, அவிழ்க்க வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"அவிழ்க்க. என் வீட்டுக்காரர் ரொம்ப வருஷத்துக்கு முன்னால் கட்டியது. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

அவள் சிரித்தாள். "உங்களுடையது இருக்காது. பழசையெல்லாம் எடுத்துடுவாங்க. கேட்டது கிடைச்சவங்க கைக்கு வர்ற எதையாவது ஒன்னை அவிழ்ப்பாங்க, அது யாருடையதா இருந்தாலும். அதுதான் வழக்கம். கேட்டது கிடைச்சதா?"

"கிடைச்சது" என்று சொல்லிக்கொண்டே ஒரு பச்சைத் துணி முடிச்சை அவிழ்த்தேன். இறுகிப் போயிருந்தது, நகத்தால் நெம்பி எடுத்தேன். கை நிறைந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வாயை அடக்காமல் சொல்லிவிட்டேன்: "பையன் பிறந்தான். இப்போ படையில் ஆபீசர். அடுத்த மாசம் இங்கேதான் வரப்போகிறான்."

ராஜா, அதற்குப் பிறகு நடந்தது மிகச் சின்ன விஷயம். அவள் முகம் மாறவில்லை. மரியாதையாகத்தான் தலையசைத்தாள். ஆனால் அவள் கை தானாகப் போய், எனக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மகளைப் பிடித்து மறுபக்கத்துக்கு நகர்த்தி வைத்தது. அந்தப் பெண் குழந்தையும் கேள்வி கேட்காமல் நகர்ந்து, மடியிலிருந்த பள்ளிக்கூடப் பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது. "குளிர் அதிகமா இருக்கும். நல்ல கம்பளி கொடுத்து அனுப்புங்க" என்றாள் ஷமீமா. நான் உன்னைப் பெற்றவள். உன் காய்ச்சலுக்கு விழித்திருந்தவள். உன்னைப் பார்த்திராத ஒருத்தி, உன் பேச்சு எடுத்ததுமே தன் பிள்ளையை நகர்த்தி வைப்பதை நான் பார்த்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 

அப்பா வெளியே வந்தார். என் கையில் இருந்த பச்சைத் துணியைப் பார்த்தார்.

"இன்னாது அது?"

"நீங்க கட்டினதுக்குப் பதிலா அவிழ்த்தேன். எதை வேணாலும் அவிழ்க்கலாமாம்."

"யார் உன்ன அவுக்கச் சொன்னது?"

"கேட்டது கிடைச்சா அவிழ்க்கணும் இல்ல? புள்ளதான் பொறந்துட்டானே."

"புள்ளய நான் எங்கடி கேட்டேன்?" என்றார். அதட்டவில்லை. காலணி விடும் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாங்கள் கல்யாணம் செய்து இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தத் திருப்பத்தில் அவருக்கு நாள் முழுக்கச் சோதனை வேலை. அந்தப் பாதையில்தான் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பெரியவர்கள், சின்னவர்கள் என்று பார்க்காமல் எல்லோர் பையையும் பார்க்க வேண்டும் என்று உத்தரவு. "சோதிச்சது தப்புன்னு நான் சொல்லல" என்றார். "அரக்கோணத்துக்காரன் ஒருத்தன், என்கூட ஒரே தட்டுல சாப்ட்டவன், அதே இடத்துலதான் குண்டுல போனான். பார்க்காம உட்ருந்தா இன்னும் எத்தினி பேரோ." அந்தப் பிள்ளைகளில் ஒன்று பத்து வயது இருக்கும். முதல் நாள் அதன் டிபன் பாக்ஸை இவர் திறந்து பார்த்திருக்கிறார். ரொட்டியும் ராஜ்மாவும். மறுநாள் அந்தப் பெண் தூரத்தில் திருப்பத்தில் வரும்போதே பையைத் திறந்து, டிபன் மூடியையும் எடுத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்து வந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. தினமும் அப்படியே. மழை வந்தாலும் மூடவில்லை, ரொட்டி நனையும்.

"ஒரு நாளு, வேணாம்மா, மூடிக்கோன்னு எனக்குத் தெரிஞ்ச இந்தில சொன்னேன். அது இன்னும் கிட்ட வந்து, இன்னும் நல்லாத் தொறந்து காட்டுச்சி. சிரிச்சிப் பார்த்தேன். சிரிச்சா இன்னும் பயந்துச்சி. என் மூஞ்சில இன்னா இருந்துச்சின்னு எனக்குத் தெரில. எனக்கு அப்போ இருபத்தெட்டு வயசு. ஊர்ல என்னப் பார்த்து ஒரு நாய்கூட பயந்தது கெடயாது." நான் உண்டாகியிருக்கும் செய்தி சொன்ன என் கடிதம் அந்த நாட்களில்தான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அன்று டியூட்டி மாறியதும் உத்தரியக் கயிற்றை அறுத்து அந்த ஜன்னலில் கட்டியிருக்கிறார். "பொறக்கறது ஆணோ பொண்ணோ, துப்பாக்கியத் தூக்கிகினு இங்க வந்து இதுங்க முன்னாடி நிக்கக் கூடாது. அவ்ளோதான் கேட்டேன். அவன் படைல சேர்ற வயசு தாண்டட்டும், வந்து அவுத்துடலாம்னு இருந்தேன். நீ போய் நன்றி சொல்லிட்டு வந்துட்ட."

நடக்காத ஒன்றுக்கு, நடந்துவிட்டது என்று சாட்சி சொல்லிவிட்டேன். இனி கேட்கவும் வழியில்லாமல் செய்துவிட்டேன் என்று தோன்றியது. உண்மையில் பயந்துவிட்டேன் ராஜா. அந்தப் பச்சைத் துணியைத் திரும்பக் கட்டப் போனேன். அப்போது ஷமீமா ஒரு காகிதத்தில் மஞ்சள் சோறு கொண்டுவந்தாள். யாரோ நேர்ச்சைக்குச் சமைத்துக் கொடுப்பது. நம் மாதா கோயிலில் பொங்கல் கொடுக்கிற மாதிரி. அப்பா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்டாள். எனக்கு இருந்த அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இங்கே நின்றதை, அந்தப் பெண்ணை, அவர் கேட்டதை, நான் செய்ததை. மறைக்க எனக்குத் தெரியவில்லை. அவள் சோற்றை மகளிடம் கொடுத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"நானும் அந்தப் பள்ளிக்கூடம்தான்" என்றாள். அப்பா நிமிர்ந்தார். அவள் தலையை ஆட்டினாள். "நான் இல்லை. நான் மூடித்தான் எடுத்துட்டுப் போவேன், திறன்னு சொன்னாத்தான் திறப்பேன். ஆனா அப்படிப் போனவங்க நிறைய பேர்." பிறகு என் கையிலிருந்த பச்சைத் துணியை வாங்கிக்கொண்டு, "இது முடிஞ்சது, யாருக்கோ முடிஞ்சது. இதைக் கட்டாதீங்க. உங்களுக்கு வேணும்னா புதுசாக் கேளுங்க. கேட்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?" என்றாள். ஏதோ சந்தையில் வழி சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

எங்களிடம் நூல் இல்லை. அப்பா டிபன் பையிலிருந்து நாடாவை உருவினார். என்னிடம் கொடுத்து, "நீ கேளு. நான் கேட்டது நடக்கல" என்றார். நான் சாளரத்தின் முன்னால் நின்றேன். நீ அங்கே போகக் கூடாது என்று கேட்கலாமா என்று யோசித்தேன். பெற்றவளுக்கு முதலில் வாயில் வருவது அதுதான். ஆனால் நீ படித்து, ஓடி, விழுந்து, எழுந்து வாங்கிய வேலை அது. அதைப் பிடுங்கிவிடு என்று இன்னொரு ஊர் மகானிடம் போய்க் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நீ உயிரோடு திரும்ப வேண்டும் என்று கேட்டேன், அதைக் கேட்காமல் இருப்பேனா? அதோடு இன்னொன்றும் கேட்டேன். நீ நிற்கிற பாதையில் வருகிற பிள்ளைகள் பையை மூடியபடியே நடந்து வர வேண்டும். நீ கேட்டால் திறக்கட்டும். கேட்கும் முன்னால் திறந்து ஏந்திக்கொண்டு வரக் கூடாது. இதைத்தான் கேட்டு நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டேன். கிளம்பும்போது ஷமீமாவின் மகள் மஞ்சள் சோற்றை அப்பாவின் கையில் கொடுத்தது. அவர் அதை ஒரு பருக்கை சிந்தாமல் தின்றார்.

திரும்பி வரும் ரயிலில்தான் என்னிடம் வாக்கு வாங்கினார். "அவன்கிட்ட சொல்லாத. ஆசையா எடுத்த வேல. என் பயத்தத் தூக்கி அவன் தலயில வெக்காத." உன் அணிவகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அந்த யூனிபார்ம்ல அவனப் பார்த்தா, நான் அங்க நின்ன மாரியே இருக்கும். மூஞ்சி என் மூஞ்சி இல்ல? பார்க்க முடியாதுடி" என்றார். உன் மேல் பொறாமை என்று நினைத்தாயே, விஷயம் இவ்வளவுதான். உன்மேல் இல்லாத பொறாமையை நீ வருஷக்கணக்காகச் சுமந்துகொண்டு போகக் கூடாது. அதனால்தான் வாக்கை மீறினேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிதாகத் தெரியாது. சோதிக்க வேண்டிய இடத்தில் சோதி. உன் உயிரும், உன்கூட நிற்பவன் உயிரும் அதில் இருக்கிறது, அப்பாவே அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நீ ஆபீசர். எதை, எப்படி, யார் முன்னால் என்று சொல்லும் இடத்தில் நீ இருக்கிறாய், அவர் இருக்கவில்லை. பெண் பிள்ளைகள் பையைப் பெண்ணை வைத்துப் பார்க்கச் சொல். சாப்பாட்டில் கை வைக்காமல் முடியும் என்றால் அப்படிச் செய். அந்த ஊர் மொழியில் "மூடிக்கோ" என்பதற்கு என்ன வார்த்தை என்று முதல் வாரமே கற்றுக்கொள், அப்பாவுக்கு அது தெரியாமல் போயிற்று. உன்னோடு வேலை பார்க்கும் பையன்களுக்கும் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. அவர்களுக்கும் ஒரு அம்மா இப்படி எழுத நினைத்து எழுதாமல் இருக்கலாம். என்றைக்காவது நான் கேட்டது நடந்துவிட்டது என்று உனக்கே தோன்றினால் சொல். நீயும் நானும் அப்பாவும், நீ சாதாரணச் சட்டையோடு, போய் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு வருவோம். இந்த முறை என்ன கேட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை அப்பா வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைத்த வண்டியையே திரும்பத் துடைப்பார், உன்னைப் பார்க்காமல் இருக்க. நீ போய் எதுவும் கேட்காதே, எனக்குத் தெரியும் என்றும் சொல்லாதே. வழிச் சாப்பாட்டுக்கு இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவி டப்பாவில் வைத்து அந்த டிபன் பையில் போட்டுத் தருகிறேன். அதற்கு இன்னும் நாடா மாற்றவில்லை. மாற்றப்போவதும் இல்லை. அதன் வாய் திறந்தேதான் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் பார்க்கிற மாதிரி பக்கத்தில் போய் நில். நாடா எங்கே போனது என்று அவருக்குத் தெரியும். அவர் கையை நீட்டி அந்தப் பையின் வாயைச் சுருட்டி மூடி உன்னிடம் கொடுப்பார். வாங்கிக்கொண்டு கிளம்பு.

கேட் சத்தம் கேட்கிறது. மீன் வந்துவிட்டது.

அம்மா